மகளின் பட்டியல், என் ஓடிபி

1

எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் இறங்க வேண்டுமென்றால் மஸ்கட்டில் நான் போனை எடுத்தாக வேண்டும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சிலிண்டர்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நம்பர் சொல்லுங்கம்மா" என்பார். அந்த நாலு இலக்க நம்பர் என்னுடைய இந்திய சிம்முக்குத்தான் வரும். சிம் என் சட்டைப் பையில். நானோ ஏதாவது ஒரு கட்டடத்து மொட்டை மாடியில் ஏசி இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். கையெல்லாம் கிரீஸ். என் மனைவி வனிதா கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். மூக்கு நுனியால் திரையைத் தட்டி நம்பரைப் படித்துச் சொன்ன நாளெல்லாம் உண்டு.

சிலிண்டர் மட்டுமா? ரேஷன் அட்டை, பாங்குக் கணக்கு, கரண்ட் பில், குத்தகைக்கு விட்டிருக்கிற மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தின் பட்டா, எல்லாமே என் நம்பரில்தான் இருந்தன. "ஏங்க, என் நம்பரக் குடுத்தா என்னங்க?" என்று வனிதா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். "உனக்கு எதுக்கு அந்தத் தொல்லை" என்று பெரிய மனசு பண்ணுகிறவனைப் போலச் சொல்வேன். உண்மையைச் சொன்னால் வெட்கக்கேடு. இருபத்து மூன்று வருஷமாக வெளிநாட்டில் கிடப்பவனுக்கு, வீட்டைப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. எனக்கு அது ஓடிபி.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. போன வெள்ளிக்கிழமை, கம்பெனி ஆட்கள் தங்கியிருக்கிற எங்கள் கேம்ப்பில் மன்னார்குடிப் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் என் அறைக்கு வந்தார். "அண்ணே, எம் பொண்ணு ப்ளஸ் டூ எழுதிட்டா. போன வருசம் உங்க பொண்ணுக்கு நீங்கதானே எல்லாம் பாத்தீங்க? எனக்கும் ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்கண்ணே" என்றார்.

நீங்கதானே எல்லாம் பாத்தீங்க என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்! டீ ஆறிப்போகிற வரைக்கும் அவருக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் போன பிறகுதான், பாதிக்கு மேல் மென்று விழுங்கிவிட்டோம் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்குக் காலேஜ் தேடுகிற அப்பாக்கள் படித்தால் போதும். அம்மாக்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

2

தாரணி எனக்கு ஒரே மகள். போன வருஷம் அவளுக்குப் பதினேழு வயது. அந்தப் பதினேழு வருஷத்தில் நான் அவள் பக்கத்தில் இருந்த நாளையெல்லாம், லீவு லீவாகக் கூட்டிப் பார்த்தால், ஒன்றரை வருஷம் தேறும். மற்றபடி போனில் வளர்ந்தவள்தான் எனக்கு.

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போடும்போது கைபேசி எண் என்ற கட்டத்தில் என் நம்பரைப் போடச் சொன்னேன்.

"அப்பா, மெசேஜ் எனக்குத்தானே வரணும்?"

"எனக்கு வந்தா உனக்கு வந்த மாதிரிதான். போடு."

போட்டாள். பாஸ்வேர்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

மார்க் வந்ததும் ஆரம்பித்தது என் அலப்பறை. கேம்ப்பில் கண்ணில் பட்டவரையெல்லாம் யோசனை கேட்டேன். ஸ்டோர் கீப்பர் மலையாளி. அவர் கம்ப்யூட்டர் என்றார். டிரைவர் லாகூர்க்காரர்; டாக்டருக்குப் படிக்க வை என்றார். கட் ஆஃப் என்றால் என்னவென்று அவருக்கு விளக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. யூடியூபில் எவரெவரோ கோட்டு போட்டுக்கொண்டு எந்தக் காலேஜ் மேலே எந்தக் காலேஜ் கீழே என்று பேசியதையெல்லாம் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். மொத்தம் நாற்பத்தோரு இடம். எங்கிருந்துதான் என் நம்பர் கிடைத்ததோ, தனியார் காலேஜ்களிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து பேர் கூப்பிட்டார்கள். "சார், தாரணியோட ஃபாதர்ங்களா? பொண்ணுக்கு சீட் ரெடியா இருக்கு சார்" என்று அந்தக் குரல்கள் கொஞ்சியபோது எனக்கு என்னவோ பெரிய ஆளாகிவிட்ட மாதிரி இருந்தது.

நான் முதலில் வைத்தது கும்பகோணம் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜ், கம்ப்யூட்டர் சயின்ஸ். அதன் மஞ்சள் பஸ் காலை ஏழு பத்துக்கு எங்கள் ஊர் முக்கத்தில் நிற்கும். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண்ணை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். அந்த நோட்டில் நான் எழுதியிருந்த மற்ற காரணமெல்லாம் சும்மா. பஸ்தான் காரணம். நான்தான் வீட்டில் இல்லை, அவளாவது அவள் அம்மாவோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். இதை நான் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் முதலில் வைத்தது கோயம்புத்தூரில் ஒரு அரசுக் கல்லூரி. சிவில்.

"சிவிலா? சைட்ல நின்னு பாத்திருக்கியா நீ? இங்க வந்து பாரு, வெயில்ல மனுசன் கருவாடா காயிறான். பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அப்பா, நம்ம வடிகால் மதகு எத்தன தடவ கட்டுனாங்க தெரியுமா?"

"அது எதுக்கு இப்ப?"

"மூணு தடவ. மூணு தடவயும் ஐப்பசி மழைக்கே போயிடுச்சு. நட்டு இருவது நாள் ஆன சம்பா ஒரு வாரம் தண்ணிக்குள்ள நின்னு அழுவிப் போவுது. எல்லாரும் காவிரியில தண்ணி வரலன்னு மட்டும்தான் பேசுறாங்க. வந்த தண்ணி வெளிய போறதுக்கு வழி இல்ல, அதப் பத்தி யாரும் பேசறதில்ல. அது ஏம்பா உடையுது? எனக்கு அது தெரியணும்."

"அதுக்கெல்லாம் ஆபீசருங்க இருக்காங்க."

"அந்த ஆபீசருங்கல்லாம் எங்கப்பா படிச்சாங்க?"

பதில் இல்லாத அப்பன் என்ன செய்வான், கத்துவான். சைட்டில் நாள் முழுக்க இந்தி, மலையாளம், அரபி மூன்றையும் குழப்பி அடித்துக் கத்திப் பழகியவன் நான். கோபம் வந்தால் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. "கலாஸ், பஸ் கரோ, இனி பேச்சு வேண்டா" என்று, போதும் நிறுத்து என்பதையே மூன்று பாஷையில் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்பா, திட்டுறதுன்னா தமிழ்ல திட்டுங்க. பாதிதான் புரியுது" என்றாள். வனிதா பின்னாலிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

3

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் என்று ஒன்று உண்டு. எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு என்று வரிசையாகப் போட வேண்டும். மேலே இருப்பது கிடைத்தால் அதோடு முடிந்தது. கீழே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் எதை முதலில் வைக்கிறோம் என்பதுதான் எல்லாமே. எங்களுக்கு மூன்று நாள் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஓடிபி போட்டுப் பட்டியலைப் பூட்ட வேண்டும்.

மஸ்கட்டின் ரூவி பகுதியில் ஜமால் பாய் ஒரு டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். கூத்தாநல்லூர்க்காரர். விசா, லைசென்ஸ் என்று எந்த ஃபாரமாக இருந்தாலும் நம் ஊர் ஆட்கள் அவரிடம்தான் போய் நிற்போம். முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் கடையில் உட்கார்ந்து, நாற்பத்தொன்றையும் என் வரிசைப்படி அடுக்கிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் சரிபார்க்கலாம் என்று திறந்தால், கோயம்புத்தூர் சிவில் உச்சியில் இருக்கிறது! கும்பகோணம் ஒன்பதாவதாகப் போய்விட்டது.

நான் ஒன்றும் பேசாமல் திரும்ப மாற்றினேன். சாயங்காலம் பார்த்தால் கோயம்புத்தூர் மறுபடியும் மேலே. மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் மறுபடியும். இதற்கு நடுவில் நாங்கள் போனில் பேசிக்கொண்டதைக் கேட்க வேண்டுமே.

"சாப்டியா?"

"சாப்டேம்பா."

"லிஸ்ட்ட பாத்தியா?"

"பாத்தேம்பா."

"எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்குப்பா."

அவள் சரி என்றது அவள் வரிசையை. நான் கேட்டது என் வரிசையை. அது இரண்டு பேருக்குமே தெரியும். ஜமால் பாய்க்குப் பொறுக்கவில்லை. "என்னாங்க இது, அப்பனும் மவளும் கண்ணாமூச்சி ஆடுறீங்க? வாயத் தொறந்து பேசிக்கிட்டா என்னா, முத்தா உதுந்துடும்?" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் பாய் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு அவரையே விரட்டினேன்.

4

மூன்றாம் நாள். ஊரில் மணி நாலு இருபது. எங்களுக்கு இரண்டு ஐம்பது. வெயிலுக்காகச் சைட்டில் மத்தியான வேலையை நிறுத்தியிருந்தார்கள். நான் பாய் கடையில்தான் இருந்தேன். என் போனில் ஓடிபி வந்து விழுந்தது. அடுத்த நொடி தாரணி கூப்பிட்டாள்.

"அப்பா, ஓடிபி வந்துருக்கும். சொல்லுங்க."

"லிஸ்ட்ல முதல்ல என்ன இருக்கு?"

"கோயம்புத்தூர்."

"மாத்து. மாத்திட்டுக் கூப்புடு, சொல்றேன்."

"அப்பா, நாப்பது நிமிசம்தான் இருக்கு."

"அதான் சொல்றேன், மாத்து."

அழுவாள், சண்டை போடுவாள், அம்மாவிடம் போனைக் கொடுப்பாள் என்று எல்லாவற்றுக்கும் நான் தயாராக இருந்தேன். அவள், "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குள் வனிதா கூப்பிட்டாள். அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் எனக்கு உதைத்தது.

"ஒண்ணு சொல்றேன், திட்டாம கேளுங்க. சித்திரையில திருப்பூர் கல்யாணத்துக்குப் போனோம்ல, அப்ப ஒரு நாள் கோயம்புத்தூர் போயி அந்தக் காலேஜப் பாத்துட்டு வந்தோம்."

"என்னது? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சொன்னா விட்டுருப்பீங்களா? அங்க ரெண்டாவது வருசம் படிக்கிற பொண்ணு ஒண்ணு, வேதாரண்யம் பக்கமாம், உள்ள கூட்டிட்டுப் போச்சு. சிமெண்ட்டுக் கட்டைய மெசின்ல வச்சு நசுக்கி, எந்த பாரத்துல உடையுதுன்னு பாக்குறாங்க. இவ அரை மணி நேரம் அந்த மெசினு முன்னாடியே நின்னாங்க. காப்பி குடிக்கக் கூப்புட்டேன், வரல. அவ மூஞ்சிய நீங்க பாக்கலியே."

"ஊர விட்டு அவ்வளவு தூரம்..."

"தூரத்தப் பத்தி நீங்க பேசறீங்களா?" என்றாள். பிறகு அவளே கொஞ்சம் இறங்கி வந்தாள். "அவளும் போயிட்டா வீட்டுல நான் மட்டும்தான். எனக்கு மட்டும் அனுப்பணும்னு ஆசையா? நீங்க கட் ஆஃப் எவ்வளவு, ரேங்க் எவ்வளவுன்னுதான் கேட்டீங்க. உனக்கு என்னம்மா புடிக்கும்னு ஒரு தடவ கேட்டீங்களாங்க?"

போனை வைத்தேன். கோபம்தான் வந்தது, பொய் சொல்வானேன். என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்! பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது, ஓடிபியும் எனக்குத்தான் வரும், நானே பூட்டிவிடுகிறேன் என்று பட்டியலைத் திறந்தேன்.

முதலில் கும்பகோணம். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது, எல்லாம் என் நோட்டில் எழுதியிருந்த அதே வரிசை. கோயம்புத்தூர் நான் வைத்திருந்த பதினேழாம் இடத்தில் அப்படியே இருந்தது. அவளே மாற்றி வைத்திருந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. என் வரிசை அவளுக்கு மனப்பாடம்.

பூட்டு என்ற பொத்தான் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு என்னால் அழுத்த முடியவில்லை. அந்தச் சரிப்பா காதிலேயே நின்றது. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். நான் ஐடிஐயில் குளிர்சாதனம் படித்துவிட்டு, நன்னிலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடை போட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஆற்றில் தண்ணீர் வராமல் வயல் வெடித்துக் கிடந்த வருஷம் அது. அப்பா ஒரு நாள் வந்து, "மஸ்கட்டுக்கு விசா வந்துருக்கு, பேசி முடிச்சிட்டேன், கெளம்பு" என்றார். நான் சரிப்பா என்றேன். அவர் கெட்டது நினைக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் அந்தச் சரிப்பாவில் எவ்வளவு இருந்தது என்று அவர் சாகிற வரைக்கும் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மணி மூன்று ஐந்து. ஊரில் நாலு முப்பத்தைந்து. தாரணியைக் கூப்பிட்டேன்.

"உன் லிஸ்ட்ட வை."

"வேணாம்பா. உங்க லிஸ்ட்டுதான் இருக்கு. ஓடிபி வரும், சொல்லுங்க, பூட்டிடலாம்."

"நான் சொல்றதக் கேளு. உன் லிஸ்ட்ட வை."

"நாளைக்குக் கோவப்படுவீங்க."

"படுவேன். அது என் பாடு. நீ வை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. பிறகு அவள் வேக வேகமாக மாற்ற ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் மாற்றும்போது எனக்கு வாசித்துச் சொன்னாள். நான் வெறுமனே ம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜமால் பாய் கடையில் இருந்த மற்ற ஆட்களையெல்லாம் கையமர்த்தி நிறுத்தி வைத்திருந்தார். ஊர் நேரம் நாலு ஐம்பத்திரண்டுக்கு ஓடிபி வந்தது. ஆறு இலக்கம். அவசரத்தில் நான் இலக்கங்களைக் குழப்பியதால் அவள் மூன்று தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். பூட்டியாயிற்று. "யா அல்லாஹ்" என்று பாய் நாற்காலியில் சாய்ந்தார். அவருக்குத்தான் அதிக வியர்வை.

5

கோயம்புத்தூர் கிடைத்தது. கிடைக்காமலும் போயிருக்கலாம், அப்போதும் இதை எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரமே தாரணியின் விண்ணப்பத்தில் அவள் நம்பரையும், மற்ற எல்லாவற்றிலும் வனிதாவின் நம்பரையும் மாற்றச் சொல்லிவிட்டேன். அதற்கு வனிதா எத்தனை தடவை இ-சேவை மையத்துக்கு அலைந்தாள் என்பது தனிக் கதை. நம்பரை மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும் என்று எந்த மகராசன் சட்டம் போட்டானோ!

எலக்ட்ரீஷியனிடம் நான் சொன்னது இதுதான். பிள்ளைக்காகத் தேடாதீர்கள், பிள்ளையோடு தேடுங்கள். யூடியூப்காரனிடம் கேட்பதற்கு முன்னால் அவளிடம் கேளுங்கள். அவள் ஒரு காலேஜ் பேரைச் சொன்னால் உடனே கூடாது என்று சொல்லாமல் ஏன் என்று கேளுங்கள். பதில் வர நாலு நாள் ஆகலாம், பொறுத்திருங்கள். முடிந்தால் யாராவது ஒருவர் அவளோடு அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நம் பயத்தை நம் பயம் என்றே சொல்லிவிட வேண்டும். நீ போனால் வீடு வெறிச்சோடிப் போகும், எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் அவள் என் நோட்டை மனப்பாடம் பண்ணியிருக்க மாட்டாள். வேலை வாய்ப்பு, மார்க்கெட் நிலவரம் என்று நான் என்னென்னவோ சுற்றி வளைத்தேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப லிஸ்ட் தர மாட்டீங்க?" என்றார். தர மாட்டேன் என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். போகட்டும்.

ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. தாரணி ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. எனக்கு விடுமுறை. காலையில் வீடியோ காலில் வந்தாள். பின்னால் வனிதா புதுப் பெட்டியில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். போர்வை வாங்கியாயிற்றா, பக்கெட் வாங்கியாயிற்றா என்று நான் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று அவள் கேட்டாள்.

"அப்பா, நீங்க மொத தடவ மஸ்கட் போனப்ப அழுதீங்களா?"

சேச்சே, அதெல்லாம் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். இருபத்து மூன்று வருஷமாக வீட்டுக்குப் போன் பேசினால் எனக்கு வருவது ஒரே வசனம்: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன். காய்ச்சலில் கிடந்தபோதும் அதுதான், அப்பா செத்ததற்கு வர முடியாமல் இங்கே உட்கார்ந்திருந்தபோதும் அதுதான். ஆனால் அவள் திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலேஜ் விஷயத்தில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இது எனக்குத் தெரியும்.

"பதினோரு நாள் அழுதேன். ரூம்ல எட்டுப் பேரு. அதனால பாத்ரூம்ல குழாயத் தொறந்து விட்டுட்டு அழுவேன்."

பின்னால் வனிதாவின் கை அப்படியே நின்றது. அவளுக்கும் இது புதுசு.

"அப்புறம்?"

"பன்னெண்டாம் நாள் பசிச்சுது. நல்லா சாப்ட்டேன்."

தாரணி சிரித்தாள். கண் நிறைந்திருந்தது. "அப்ப பன்னெண்டு நாள் பொறுத்தா சரியாயிடுமாப்பா?"

ஆகிவிடும் என்று சொல்லத்தான் ஆசை. சொல்லவில்லை.

"தெரியலம்மா. ஆனா அழுகை வந்தா எந்நேரமா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணு. நல்லா இருக்கேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாத."